கன்று ஈன்ற மாடும் நார்த்தீவனமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூஞ்சை பிடித்த வைக்கோல் போடுவது, தண்ணீர் காட்ட மறப்பது எல்லாம் தவறென்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

ஈன்ற மறுநாளே அடர்தீவனத்தை அள்ளிக் கொட்டுவது

புதிதாக மாடு வாங்கியவர்கள் கொட்டகையில் திரும்பத் திரும்ப நடப்பது இது. "தெம்பு வரணும், பால் ஏறணும்" என்று அரிசிக் கஞ்சி, மக்காச்சோள மாவு, அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டுகிறார்கள். மாவின் ருசி கண்ட மாடு வைக்கோலை முகர்ந்துகூடப் பார்க்காது. முதலில் பால் ஏறத்தான் செய்யும். பத்து நாளில் சாணம் கூழாகி நுரைக்கும், புளித்த வாடை அடிக்கும். பால் சங்கத்தில் அளந்தால் பாலின் கொழுப்பு 4 சதவீதத்திலிருந்து 3-க்கு இறங்கியிருக்கும். அப்போதும் கழிச்சலுக்கு மருந்து தேடி அலைகிறார்களே தவிர, தொட்டியில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பதில்லை. எத்தனை முறை சொன்னாலும் மாறாத இந்தப் பழக்கம்தான் எரிச்சலூட்டுகிறது.

மாவுச்சத்து மாட்டின் முதல் வயிறான பெருவயிற்றில் வேகமாக நொதித்து அமிலமாகிறது. அதை உறிஞ்சும் உட்சுவர் மொட்டுகள் பால் வற்றிய காலத்தில் சிறுத்திருக்கும். மறுபடி வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அமிலத்தை முறிக்கும் உமிழ்நீர் அசைபோடும்போதுதான் நிறையச் சுரக்கும். அதற்கு வைக்கோல், தட்டை போன்ற நீள நார் வேண்டும். நார் குறைந்து பெருவயிறு நிறையாமல் கிடந்தால், நாலாம் வயிறு இடப்பக்கம் நகர்ந்து அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய் விடலாம். குளம்பு நோவு சில வாரம் கழித்து வரும்.

ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரத்தில் அடர்தீவனத்தை 2–3 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். ஈன்ற பின் இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை கிலோ வீதம் ஏற்றுங்கள். 15 லிட்டர் கறக்கும் மாடு 8 கிலோவை எட்ட மூன்று வாரம் ஆகட்டும். அதையும் நாலு வேளையாகப் பிரித்து வையுங்கள். முதலில் வைக்கோலோ சோளத்தட்டையோ, அரைமணி கழித்து அடர்தீவனம்.

பசும்புல்லே போதும் என்பது

இளம் கம்பு நேப்பியர் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். 30 கிலோ போட்டாலும், தண்ணீர் போக மிஞ்சும் உலர்பொருள் 6 கிலோதான் தேறும். 3–4 கிலோ வைக்கோல் சேர்த்தே ஆக வேண்டும்.

தூளாக நறுக்குவது

வைக்கோல், தட்டைத் துண்டுகள் ஒரு அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்.

சமையல் சோடாவை நம்புவது

அமிலத்தை முறிக்கச் சோடா போட்டாலும், அது வைக்கோலுக்கு மாற்றாகாது.

சாணத்தைப் பார்க்காமல் விடுவது

ஒரு கையளவு சாணத்தைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். முழு மக்காச்சோளமும், அரை அங்குலத்துக்கு மேல் நீண்ட நாரும், சளிப் படலமும் தங்கினால் பெருவயிற்றில் செரிமானம் சரியில்லை. படுத்திருக்கும் மாடு ஒரு கவளத்தை 50–60 முறை மெல்ல வேண்டும். 40-க்குக் கீழே போனால் நார் போதவில்லை. தீனியை அடியோடு விட்டு, இடப்பக்க வயிற்றை அழுத்தினால் தண்ணீர் தளும்புவதுபோல் கேட்டால், அன்றைக்கே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.