மதெய்ராவுக்குக் கிளம்புமுன் யாரிடம் எதைக் கேட்பது

2025 ஏப்ரலில் நாங்கள் மூன்று பேர் மதெய்ராவில் ஒன்பது நாள் இருந்தோம்: நான், என் கணவர், என் நாத்தனார். மூவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. கணவருக்கு வலது முழங்காலில் தேய்மானம் வேறு. அதனால் நாலு மாதம் முன்பிருந்தே நான் தகவல் சேகரித்தேன். கிடைத்ததில் பெரும்பகுதி பழையது, அல்லது எந்தத் தீவுக்கும் பொருந்தும் பொதுப்பேச்சு. கொஞ்சம்தான் அங்கே போனபின் கைகொடுத்தது. அந்தக் கொஞ்சம் எங்கே இருக்கிறது என்று இனிப் போகிறவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மதெய்ரா போர்ச்சுகலுக்குச் சொந்தமான அட்லாண்டிக் தீவு. தலைநகர் ஃபுன்ஷால். பிப்ரவரியில் அங்கே சராசரி 16 டிகிரி, ஆகஸ்டில் 23 டிகிரி. எப்போதும் வசந்தம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். ஃபுன்ஷாலுக்கு அது சரி. ஆனால் சுமார் 740 சதுர கிலோமீட்டருக்குள் 1,862 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் மலைத்தீவு அது. வடகிழக்குக் காற்று கொண்டுவரும் ஈரம் வடக்குச் சரிவில் மேகமாகத் தங்கி மழையாகிறது. அதே நேரத்தில் தெற்குக் கரையில் வெயில் அடிக்கும். கைபேசியில் 'ஃபுன்ஷால், 20 டிகிரி' என்று காட்டுவதை நம்பி முதல் நாள் பருத்திப் புடவையோடும் ஒரு மெல்லிய சால்வையோடும் பிக்கோ டூ அரியெய்ரு சிகரத்துக்குப் போனேன். 1,818 மீட்டர் உயரத்தில் அடித்த காற்றில் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை.

அன்று மாலையே ஐபிஎம்ஏ பக்கத்தைத் தேடி எடுத்தேன். போர்ச்சுகலின் கடல், வளிமண்டல நிறுவனம் அது, நம் வானிலை ஆய்வு மையம் மாதிரி. அதன் எச்சரிக்கைப் பக்கத்தில் வடகரை, தென்கரை, மலைப்பகுதி, பக்கத்துத் தீவான போர்டோ சாண்டோ என்று நாலு பிரிவுகள் தனித்தனியாக இருக்கின்றன. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் ஏறும். தென்கரைக்கு ஒன்றுமே இல்லாத நாளில் மலைக்கு மஞ்சள் இருப்பதுண்டு. எங்கே போகிறோமோ அந்தப் பிரிவைப் பாருங்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது நேரடிக் கேமராக்கள். நெட்மதெய்ரா என்ற தளத்தில் சிகரங்கள், கடற்கரைகள், ஊர்கள் பலவும் நேரலையில் தெரியும். காலையில் காபி குடித்துக்கொண்டே அதைத் திறப்போம். சிகரம் மேகத்துக்குள் இருந்தால் அன்று கடலோரம், சிகரம் மேகத்துக்கு மேலே இருந்தால் மலை. எந்த முன்னறிவிப்பையும்விட இது எங்களுக்கு நன்றாக உதவியது. போர்டோ மோனிஸில் எரிமலைப் பாறைகளுக்கு நடுவே கடல்நீர்க் குளங்கள் உண்டு. வடகரையில் அலை ஏறினால் அங்கே குளிக்க விடமாட்டார்கள். அதற்கும் கேமராதான் முதல் சாட்சி.

இனி நடைபாதைகள். நிறையப் பேர் இதற்காகத்தான் போகிறார்கள், பழைய தகவல் அதிகம் ஏமாற்றுவதும் இங்கேதான்.

அரியெய்ருவிலிருந்து பிக்கோ ருய்வோ சிகரம் வரை மலைமுகட்டில் செல்லும் பாதைக்கு பிஆர் 1 என்று பெயர். நான் படித்த கட்டுரைகள் எல்லாம் அதைத்தான் முதலில் சொல்லின. நாத்தனார் நன்றாக நடப்பார், அவருக்காக ஒரு முழு நாளை ஒதுக்கினேன். பயண ஏற்பாட்டாளர் ஒருவர் அனுப்பிய திட்டத்திலும் அது இருந்தது. 2024 ஆகஸ்டில் தீவின் நடுமலையில் பெரிய காட்டுத்தீ பரவியதும், அதற்குப் பின் அந்த முழுப்பாதை மூடப்பட்டதும் கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் எனக்குத் தெரிந்தது. பாதைகளுக்குப் பொறுப்பான காடு, இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமான ஐஎஃப்சிஎன், எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று ஒரு பட்டியலைத் தொடர்ந்து வெளியிடுகிறது. அதை முதலிலேயே பார்த்திருந்தால் அந்த ஒரு நாளைச் சுற்றி மற்ற நாட்களைக் கட்டியிருக்க மாட்டேன்.

அந்தப் பட்டியலைப் படிக்க நாலு போர்ச்சுகீசியச் சொல் போதும். 'அபெர்த்து' என்றால் திறந்திருக்கிறது. 'எங்செராடு' என்றால் மூடியிருக்கிறது. 'பர்சியால்' என்று தொடங்கும் சொல் இருந்தால் பாதையின் ஒரு பகுதி மட்டும். நாலாவதாக, 'அதுவலிஸாடு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் தேதி. அதுதான் கடைசியாகத் திருத்திய நாள். அதைப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். கனமழைக்குப் பின் பாறை சரிந்தால் ஒரே இரவில் நிலைமை மாறும். போகிற நாளுக்கு முந்தின மாலை கட்டாயம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பணம் கட்டுவதும் இப்போது இதோடு சேர்ந்துவிட்டது. நாங்கள் போனபோது வெளியூர்க்காரர்களுக்குப் பாதைக்கு ஆளுக்கு 3 யூரோ. மதெய்ரா அரசின் சிம்ப்ளிஃபிக்கா தளத்தில் கட்டி, ரசீதைக் கைபேசியில் வைத்துக்கொண்டோம். விதியும் தொகையும் மாறிவருகின்றன, அதனால் என் கணக்கை வைத்துக்கொள்ளாமல் போகிற மாதத்தில் அந்தத் தளத்தையே பாருங்கள்.

லெவாடா பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் நகர முடியாது. ஈரமான வடக்கிலிருந்து காய்ந்த தெற்குக்குத் தண்ணீர் கொண்டுபோக மலையைக் குடைந்து வெட்டிய வாய்க்கால்கள் அவை. பக்கத்தில் நடக்கும் வரப்புதான் நடைபாதை. தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிட லெவாடெய்ரு என்று ஓர் ஆள் உண்டு. நான் மாயவரம் பக்கத்துப் பெண். அப்பா ராத்திரி முறைத் தண்ணீருக்கு லாந்தரோடு மடைக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவள். ரிபெய்ரு ஃப்ரியு என்ற இடத்தில் அந்த வாய்க்காலில் கையை விட்டபோது கொஞ்ச நேரம் பேசவே முடியவில்லை. அங்கிருந்து பல்கொய்ஸ் என்ற காட்சிமேடைக்குப் போகும் பிஆர் 11, போக ஒன்றரை கிலோமீட்டர், ஏறக்குறைய சமதளம். முழங்கால் வலிக்காரரும் சிரமமில்லாமல் வந்தார். சிகரங்கள் எதிரே நிற்க, சின்னக் குருவிகள் கையருகே வந்து உட்கார்ந்தன. கால்தெய்ராவ் வெர்டே போன்ற நீண்ட பாதைகளில் சுரங்கம் வரும், டார்ச் வேண்டும். சில இடங்களில் ஒரு பக்கம் செங்குத்துப் பள்ளம். பாதையின் நீளத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், ஏற்றம் எவ்வளவு, கைப்பிடிக் கம்பி உண்டா, சுரங்கம் உண்டா என்று மூன்றையும் தேடிப் பாருங்கள்.

தங்குமிடத்துக்கும் இதே கதைதான். வரைபடம் தூரத்தைச் சொல்லும், ஏற்றத்தைச் சொல்லாது. கடற்கரைச் சாலையிலிருந்து 600 மீட்டர் என்று படித்து நான் பிடித்த அறைக்கு, மாடிப்படி மாதிரி ஒரு தெருவில் ஏற வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் வேறு இடம் மாறினோம். இரண்டாவது இடத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்பினேன்: பக்கத்து பஸ் நிறுத்தத்திலிருந்து வாசல் வரை எத்தனை படி, லிஃப்ட் எந்தத் தளம் வரை, இரவில் டாக்சி வாசலுக்கு வருமா. மறுநாளே நேராகப் பதில் வந்தது. 'வசதியாக இருக்குமா' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணித்தான் சொல்ல வேண்டும். வரைபடத்தில் இருக்கும் தெருப் படங்களிலும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

ஃபுன்ஷாலுக்குள் ஓடும் மஞ்சள் பஸ்களின் அட்டவணை ஹொராரியுஸ் டூ ஃபுன்ஷால் நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறது. அதில் வேலை நாள், சனி, ஞாயிறும் விடுமுறையும் என்று மூன்றாகப் பிரித்திருப்பார்கள். 'ஃபெரியாது' என்றால் விடுமுறை நாள். மதெய்ராவுக்கு மட்டுமான விடுமுறைகளும் உண்டு, ஜூலை 1, டிசம்பர் 26 போல. மலை ஊர்களுக்குப் போகும்போது முதலில் திரும்பும் பஸ்ஸைப் பாருங்கள், அப்புறம் போகும் பஸ்ஸை.

துறைமுக நிர்வாகம் சொகுசுக் கப்பல்கள் வரும் நாட்களை முன்கூட்டியே வெளியிடுகிறது. இரண்டு பெரிய கப்பல் நிற்கும் நாளில் மோன்டே கேபிள் காரிலும் லவ்ரதோரெஸ் சந்தையிலும் கூட்டம் நெரியும். அன்று நாங்கள் மேற்கே கல்யேட்டாவுக்குப் போய்விட்டோம். தீவு என்றதும் மணல் கரையை எதிர்பார்க்கிறவர்களுக்கு: மதெய்ராவில் பெரும்பாலும் கூழாங்கல்தான், கல்யேட்டாவில் இருப்பது வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிய மணல். நீண்ட மணல் கரை வேண்டுமென்றால் போர்டோ சாண்டோ. அங்கே போகும் கப்பலான லோபோ மரின்யோ ஜனவரியில் பராமரிப்புக்காக நிற்பது வழக்கம், அந்தச் சமயம் போகிறவர்கள் கப்பல் நிறுவனத்தின் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் அறை பிடிக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு அசைவம் தொடாதவர்கள் 'சேங் கார்ன், சேங் பெய்ஷ்' என்று சொல்லப் பழகுங்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். கீரைச் சூப் போலத் தெரியும் கால்டு வெர்டேயிலும் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும்.

போர்ச்சுகல் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஏற்பாட்டில் சேர்ந்தது. விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆவணப் பட்டியலை விண்ணப்ப மையத்தின் தளத்திலேயே எடுங்கள், தெரிந்தவர் அனுப்பிய பழைய பட்டியல் வேண்டாம்.

ஃபுன்ஷாலில் அவெனிதா அரியாகா தெருவில் சுற்றுலாத் தகவல் மையம் இருக்கிறது. முதல் நாளே போங்கள். 'எதைப் பார்க்கலாம்' என்று கேட்டால் கையேடு தருவார்கள். நான் 'நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு, முழங்கால் வலிக்காரரோடு, பஸ்ஸில், மூன்று மணி நேரம்' என்று கேட்டேன். அங்கிருந்த அம்மா ஒரு காகித வரைபடத்தை விரித்து, பேனாவால் வட்டமிட்டு, பல்கொய்ஸைச் சொன்னார். அந்த வரைபடத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

கடைசியாக விமான நிலையம். ஓடுபாதையின் ஒரு பகுதி கடலோரத்தில் தூண்கள் மேல் நிற்கிறது. காற்று அளவு மீறினால் விமானம் இறங்காது, போர்டோ சாண்டோவுக்கோ லிஸ்பனுக்கோ திருப்பிவிடுவார்கள். அதனால் திரும்பும் அன்றே லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்கு விமானம் பிடிக்காதீர்கள், நடுவில் ஓர் இரவு விடுங்கள். முந்தின நாள் மாலையிலிருந்து விமான நிலையத்தின் வருகைப் பட்டியலைப் பார்த்து வாருங்கள். நம் விமானம் கிளம்ப வேண்டுமென்றால் முதலில் அது அங்கே வந்து இறங்க வேண்டும். நாங்கள் கிளம்பிய காலையில் காற்று இருந்தது. லிஸ்பனிலிருந்து வர வேண்டிய விமானம் 'இறங்கியது' என்று மாறியபிறகே டாக்சிக்குச் சொன்னோம்.