குழுப் பேச்சில் நடக்கும் கற்றலைக் கணினியைக் கொண்டு கண்டுபிடிப்பது: முதன்முறை செய்பவர்களுக்கு

நாலு மாணவர்கள் சேர்ந்து ஒரு கணக்கைப் பற்றி சாட்டில் பேசுகிறார்கள். இருநூறு செய்திகள் ஓடுகின்றன. அதில் எந்த இடத்தில் உண்மையாகவே ஏதோ கற்றார்கள், எந்த இடத்தில் 'சரி சரி' என்று தாண்டிப் போனார்கள்? ஆசிரியர் உட்கார்ந்து படித்தால் தெரியும். ஆனால் பத்துக் குழுக்களின் பேச்சை ஒரே நேரத்தில் யார் படிப்பது?

இந்தக் கேள்வியோடு பல வருடங்களாக வேலை செய்பவர் கரோலின் ரோஸே. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியர். மொழித் தொழில்நுட்பத்தையும் குழுக் கற்றலையும் சேர்த்து வைத்து ஆராய்பவர். 2008இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரை, குழு உரையாடல்களை ஆய்வாளர்கள் கையால் வகைப்படுத்தும் வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க முடியும் என்று காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்ட உரையாடல்கள் ஜெர்மன் மொழியில் நடந்தவை. ஆகவே தமிழிலும் முயலலாம் என்ற தைரியத்தில் நான் இறங்கினேன். அந்த வழியைச் சின்ன அளவில் நீங்களே செய்து பார்க்கத்தான் இந்த விளக்கம்.

படி 1: பேச்சைச் சேகரியுங்கள்

மூன்று நான்கு பேர் கொண்ட ஆறேழு குழுக்கள் போதும். எல்லாக் குழுவுக்கும் ஒரே கேள்வியைக் கொடுங்கள். 'ஏன்' என்று தொடங்கும் கேள்வியாக இருந்தால் நல்லது. முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். பெயர்களையும் போன் எண்களையும் நீக்கிவிட்டு, ஒரு செய்திக்கு ஒரு வரி என்று எக்செல் தாளில் போடுங்கள். எந்தக் குழு, யார், என்ன சொன்னார் என்று மூன்று பத்திகள் போதும்.

படி 2: எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

இதுதான் முக்கியமான படி. இங்கே அவசரப்பட்டால் பின்னால் எதுவும் சரியாக வராது.

ரோஸேயின் ஆய்வுகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் டிரான்ஸாக்டிவிட்டி. 1983இல் பெர்கோவிட்ஸ், கிப்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், மாணவர்கள் அறநெறிச் சிக்கல்களை விவாதிப்பதைக் கவனித்தபோது இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். ஒருவர் சொன்ன யோசனையைப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் இன்னொருவர் தன் யோசனையைக் கட்டுவது. நான் இதைத் 'தொடுப்பு' என்று எழுதுகிறேன், பூத்தொடுப்பது போல. இரண்டு நிபந்தனைகள்: வரியில் ஒரு யோசனை வெளிப்பட வேண்டும், அது முன்னால் வந்த இன்னொருவரின் யோசனையோடு இணைய வேண்டும்.

விளக்குவதற்காக நானே எழுதிய ஒரு பேச்சு:

முதல் ஆள்: குக்கர்ல ஏன் சீக்கிரம் வேகுது?
இரண்டாம் ஆள்: ஆவி வெளிய போகாம உள்ளயே நிக்குது, அதனால அழுத்தம் கூடுது.
மூன்றாம் ஆள்: ஆமா, நீ சொல்றது சரி.
முதல் ஆள்: அழுத்தம் கூடினா தண்ணி கொதிக்கிற சூடும் கூடும்ல? அப்போ நூறு டிகிரிய தாண்டியும் கொதிக்காம இருக்கும்.
மூன்றாம் ஆள்: பருப்ப ஊறவெச்சாலும் சீக்கிரம் வேகும்.

நான்காவது வரி தொடுப்பு. அழுத்தம் என்ற யோசனையை எடுத்து அடுத்த இடத்துக்குக் கொண்டு போகிறது. கடைசி வரியில் யோசனை உண்டு, இணைப்பு இல்லை. மூன்றாவது வரியில் இணைப்பு உண்டு, யோசனை இல்லை. ஜெர்மன் உரையாடல்களை வகைப்படுத்திய ஆய்வாளர்கள் இந்த மாதிரி தலையாட்டலை 'விரைவு ஒப்புதல்' என்று தனி வகையாகவே வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு நட்பாக இருக்கும். ஆனால் பேச்சு அதே இடத்தில்தான் நிற்கிறது.

இந்த விதிகளை ஒரு பக்கத்தில், உதாரணங்களோடு எழுதிவையுங்கள். ஆய்வாளர்கள் இதைக் கோட்புக் என்பார்கள்.

படி 3: இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிடுங்கள்

நீங்களும் ஒரு நண்பரும் அதே 100 வரிகளை எடுத்து, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல், 'தொடுப்பு' அல்லது 'மற்றவை' என்று எழுதுங்கள். பிறகு ஒப்பிடுங்கள்.

இருவரும் தொடுப்பு என்றது 10 வரிகள், இருவரும் மற்றவை என்றது 70 வரிகள், மாறுபட்டது ஆளுக்குப் பத்தாக 20 வரிகள் என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதம் ஒத்துப்போகிறது. நன்றாகத்தானே இருக்கிறது? இல்லை. ஆளுக்கு 20 வரிகளைத் தொடுப்பு என்று சொன்னவர்கள், கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டாலும் எவ்வளவு ஒத்துப்போகும் என்று பார்க்க வேண்டும்: 0.2 × 0.2 + 0.8 × 0.8 = 0.68. இந்தத் தற்செயல் பங்கைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவதுதான் கப்பா. 1960இல் ஜேக்கப் கோஹன் கொடுத்த அளவு.

(0.80 − 0.68) ÷ (1 − 0.68) = 0.375

இது போதாது. 0.7ஐத் தாண்ட வேண்டும் என்பது இந்தத் துறையில் பரவலாக வைத்துக்கொள்ளும் கோடு. மாறுபட்ட 20 வரிகளையும் எடுத்துவைத்து நண்பரோடு பேசுங்கள். பெரும்பாலும் 'நீ சொல்றது சரி' மாதிரி வரிகளில்தான் சண்டை வரும். விதியைத் திருத்திவிட்டு புதிதாக வேறு 100 வரிகளைக் குறியிடுங்கள். இந்தத் தடவை 16 வரிகளில் இருவரும் தொடுப்பு, 76இல் இருவரும் மற்றவை, மாறுபட்டது எட்டுதான் என்றால் கப்பா 0.75. இனி மிச்ச வரிகளை இருவரும் பங்கு பிரித்துக்கொள்ளலாம்.

எனக்கு இந்தப் படிக்குத்தான் அதிக நாள் ஆனது. இரண்டு மனிதர்கள் ஒத்துக்கொள்ள முடியாத ஒன்றைக் கணினி எங்கிருந்து கற்றுக்கொள்ளும்?

படி 4: கணினிக்குக் கற்றுக்கொடுங்கள்

ரோஸேயின் குழு இதற்கென்றே டேக்ஹெல்பர், பிறகு லைட்சைட் என்று கருவிகளை உருவாக்கியது. நிரல் எழுதத் தெரியாத ஆய்வாளர்களும் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். நாம் பைத்தான் நிரல்மொழியில், கணினிக்குக் கற்றுக்கொடுப்பதற்கான சைக்கிட்-லேர்ன் நூலகத்தை வைத்துச் செய்யலாம். ஒவ்வொரு வரியையும் சொற்களாக வெட்டி, எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, லாஜிஸ்டிக் ரெக்ரஷனுக்குக் கொடுப்பது. எந்தச் சொல் எந்த வகையைக் காட்டுகிறது என்று எடைபோட்டு, வரியை வகைப்படுத்தும் கணக்குமுறை அது. அவ்வளவுதான்.

தமிழுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த நூலகத்தின் சொல்வெட்டி, இயல்புநிலையில் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாக எண்ணுவதில்லை, அங்கேயே வெட்டிவிடும். ஒற்றை எழுத்தாக நிற்பதையும் தள்ளிவிடும். 'அழுத்தம்' என்பது 'அழ', 'தம' என்று இரண்டாகும். 'தண்ணீர்' வெறும் 'தண' ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. முடிவு மட்டும் மோசமாக இருக்கும். ஏன் என்று தெரியாமல் நான் ஒரு வாரம் தவித்தேன். ஆகவே சொல் அளவில் வெட்டாமல், இரண்டு முதல் ஐந்து எழுத்துக்குறிகள் கொண்ட துண்டுகளாக எண்ணச் சொல்லுங்கள். இன்னொரு லாபமும் உண்டு: 'கூடினா', 'போனா', 'அப்படின்னா' எல்லாவற்றிலும் உள்ள 'னா' ஒரே தடயமாகப் பிடிபடும். முந்தைய வரியிலிருந்தும் துண்டுகள் எடுத்துச் சேருங்கள். தொடுப்பு என்பதே இரண்டு வரிகளுக்கு நடுவே இருப்பது அல்லவா?

படி 5: நேர்மையாகச் சோதியுங்கள்

வரிகளைக் கலக்கிப் பிரிக்காதீர்கள். ஒரே குழுவின் பேச்சு பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால், கணினி அந்தக் குழுவின் பேச்சுப் பழக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டு நல்ல மதிப்பெண் காட்டும். ஒரு முழுக் குழுவை ஒதுக்கிவைத்து, மற்றக் குழுக்களில் பயிற்சி கொடுத்து, ஒதுக்கியதில் சோதியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இப்படியே. இங்கும் சதவீதத்தை நம்ப வேண்டாம்: எல்லாவற்றையும் 'மற்றவை' என்று சொல்லும் கணினிக்கும் மேலே சொன்ன கணக்கில் 80 சதவீதம் வந்துவிடும், கப்பா சுழியம். அப்புறம் தவறிய வரிகளைக் கண்ணால் படியுங்கள்.

படி 6: பேச்சுக்குள் நுழையுங்கள்

ரோஸேயின் குழு இதோடு நிற்கவில்லை. பஜார் என்ற அமைப்பை வைத்து, மாணவர் சாட்டுக்குள் தானாகப் பேசும் துணைவர்களை இறக்கினார்கள். அந்தத் துணைவர்கள் விடை சொல்ல மாட்டார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் லாரன் ரெஸ்னிக் முதலியோர் வகுப்பறைகளுக்காக வகுத்த 'பொறுப்புள்ள பேச்சு' முறையிலிருந்து எடுத்த கேள்விகளையே கேட்பார்கள்: அவர் சொன்னதை உன் வார்த்தையில் சொல்ல முடியுமா? ஒத்துக்கொள்கிறாயா, ஏன்?

நீங்கள் உடனே நிரல் எழுத வேண்டாம். ஒரு குழுவின் பேச்சை நேரலையில் பார்த்துக்கொண்டிருங்கள். தொடர்ந்து எட்டு வரிகளில் தொடுப்பு இல்லை என்றால், அந்த இரண்டு கேள்விகளில் ஒன்றை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அதற்குப் பின் வந்த பத்து வரிகளைத் தனித் தாளில் எடுத்துவைத்துக் குறியிடுங்கள். கேள்விக்கு முன்னால் வந்த பத்து வரிகளையும் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.