நுவரெலியாக் குளிரில் பைட்டர் மீனுக்கு ஒரு தொட்டி

போத்தலில் விற்கிறார்கள் என்பதற்காகப் பைட்டர் மீனைப் போத்தலிலேயே வளர்க்காதீர்கள், பாவம். அது தாய்லாந்துப் பக்கத்து மீன். தண்ணீர் 25 முதல் 28 பாகை வரை இருக்க வேண்டும். இங்கே ஜனவரி இரவுகளில் 10 பாகைக்கும் கீழே போகும். அதனால் முதலில் ஹீட்டர், அப்புறம்தான் மீன்.

20 லீட்டர் தொட்டிக்கு நான் போடுவது 50 வாட், சூடு ஏறியதும் தானாக நிற்கும் வகை. தனியாக ஒரு வெப்பமானியும் ஒட்டுங்கள். பின்பக்கமும் அடியிலும் ரெஜிபோம் (தெர்மோகோல்) வைத்தால், கரண்ட் போனாலும் சூடு மெல்லத்தான் இறங்கும். ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம்.

மூடி கட்டாயம். இந்த மீன் மேலே வந்து வாயால் காற்றை இழுக்கும். அந்தக் கணம் உதட்டோரம் ஒரு சின்னக் குமிழி உடையும். அந்தக் காற்றும் குளிராக இருக்கக் கூடாது. தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடுங்கள். துள்ளி வெளியே விழுவதையும் மூடி தடுக்கும்.

மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் குளோரின் இல்லை, ஆனால் ஐஸ் மாதிரி இருக்கும். கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்து, தொட்டிச் சூட்டுக்கு வந்ததும் ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றும் முன் ஹீட்டரை நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். ஹீட்டரின் சூடான கண்ணாடி தண்ணீரை விட்டு வெளியே வந்தால் வெடித்துவிடலாம்.