சாயத் தண்ணீரும் டிவிடி துண்டும்: வீட்டு நிறமாலைமானியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம், இந்தப் பக்கம் வந்தால் பள்ளிப்பட்டு என்று ஆந்திர-தமிழக எல்லைக்கு இரண்டு பக்கமும் தறி ஓடுகிற ஊர்கள். தறி இருக்கிற இடத்தில் சாயமும் இருக்கும். ஓடைத் தண்ணீர் கொஞ்சம் நிறம் மாறினாலே இது சாயமா, இல்லை மழைக்கு வந்த செம்மண்ணா என்ற பேச்சு எழுந்துவிடும். அதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம் என்று அட்டைப்பெட்டி, டிவிடி துண்டு, வெப்கேம் வைத்து நிறமாலைமானி, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டுகிற கருவி செய்கிற பையன்களும் பெண்களும் இப்போது இருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அவர்கள் எடுத்து அனுப்புகிற படங்களில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரித் தவறுகள் வருகின்றன, அதுவும் பெட்டி செய்வதில் இல்லை, படத்தை மென்பொருளில் ஏற்றுகிற இடத்தில்.

பெரும்பாலும் பயன்படுத்தப்படும் மென்பொருள் ஸ்பெக்ட்ரல் வொர்க்பெஞ்ச். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவு நடந்தபோது, கரையோர மக்களே தங்கள் கடற்கரையை ஆவணப்படுத்தத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த பப்ளிக் லேப் அமைப்பு உருவாக்கியது. திறந்த மூல மென்பொருள், பிரவுசரிலேயே ஓடும், நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அது செய்கிற வேலை எளிமையானது: நீங்கள் கொடுக்கிற படத்தில் கிடைமட்டமாக ஒரு வரியை எடுத்து, ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு வெளிச்சம் என்று பார்த்து வளைகோடு போடும். எந்த பிக்சல் எந்த அலைநீளம், அதாவது நானோமீட்டரில் சொல்கிற எந்த நிறம் என்பது அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும், தப்பாகச் சொன்னாலும் அதே அழகோடு கோடு வந்து நிற்கும். ஆகவே கோடு சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு சரி என்று நினைக்கக்கூடாது.

முதல் தவறு விளக்கில். அலைநீளத்தைச் சொல்லித்தர, அதாவது கேலிப்ரேஷன் செய்ய, பாதரசம் உள்ள விளக்கு வேண்டும். சிஎஃப்எல் பல்பு, இல்லையென்றால் பழைய டியூப்லைட். பாதரசம் எந்த ஊரில் எரிந்தாலும் நீலத்தில் 435.8 நானோமீட்டரிலும் பச்சையில் 546.1 நானோமீட்டரிலும் கூர்மையான கோடு தரும். இப்போது எல்லா வீட்டிலும் எல்இடிதானே, அதனால் பலர் எல்இடி பல்பையே காட்டி கேலிப்ரேட் செய்துவிடுகிறார்கள். வெள்ளை எல்இடியில் கூர்மையான கோடே கிடையாது, 450 பக்கம் ஒரு நீல மேடு, அப்புறம் மஞ்சளைச் சுற்றி அகலமாக இன்னொரு மேடு, அவ்வளவுதான். அந்த மேடு பல்புக்குப் பல்பு இடம் மாறும். அதை 435.8 என்று கிளிக் செய்தால் அதற்குப் பிறகு எடுக்கிற ஒவ்வொரு எண்ணும் தப்பு. பழைய மின்சாமான் கடைகளில், பயன்படுத்தாமல் கிடக்கிற பள்ளிக்கூட அறைகளில் டியூப்லைட் இன்னும் இருக்கிறது, ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், உடைக்காமல், ஏனென்றால் உள்ளே இருப்பது பாதரசம்.

தெருவில் எரிகிற மஞ்சள் சோடியம் விளக்கைக் காட்டி 589 என்று குறிப்பவர்களும் உண்டு. அது இன்னும் ஏமாற்றும். தெருவிளக்காக வருவது உயர் அழுத்த சோடியம் விளக்கு, அதில் 589-ல் வெளிச்சம் அகலமாகப் பரவி, நடுவில் சரியாக 589-லேயே ஒரு இருட்டுப் பள்ளம் விழும், சுற்றியுள்ள சோடியம் ஆவியே அந்த ஒளியை விழுங்கிவிடுவதால். பக்கத்து மேட்டை 589 என்று குறித்தால் கணக்கு நகர்ந்துவிடும்.

சரியான விளக்கு கிடைத்தாலும் தப்பான கோட்டைக் கிளிக் செய்ய வாய்ப்பு இருக்கிறது. சிஎஃப்எல் உள்ளே பூசியிருக்கிற பாஸ்பர் என்ற ஒளிரும் பொடியில் டெர்பியம், யூரோப்பியம் என்ற தனிமங்களும் உண்டு, அவையும் கோடு போடும். 487 பக்கம் மங்கலாக, கொஞ்சம் அகலமாக ஒரு நீலப்பச்சைப் பட்டை தெரியும், அது டெர்பியம், அதைப் பாதரச நீலம் என்று நினைத்துவிடுகிறார்கள். பச்சையிலும் பாதரசக் கோட்டை ஒட்டியே டெர்பியத்தின் கோடு நிற்கும், சுமாரான பெட்டியில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், அப்போது நீண்ட அலைநீளப் பக்கத்து விளிம்பை ஒட்டிக் கிளிக் செய்வதே மேல். கிளிக் செய்து முடித்ததும் சிவப்புக்குப் போய்ப் பாருங்கள்: யூரோப்பியத்தின் சிவப்புக் கோடு 611-ல் விழ வேண்டும். ஒன்றிரண்டு தள்ளி விழுந்தால் பரவாயில்லை. 618-ல் விழுந்தால் அழித்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். இரண்டே புள்ளியை வைத்து நேர்கோடு இழுப்பதால் அந்த இரண்டுக்கும் நடுவில் பிழை குறைவாகவும், வெளியே போகப் போக அதிகமாகவும் இருக்கும். அதனால் 660 பக்கம் உறிஞ்சுகிற நீலச் சாயத்தைப் பார்க்கப்போகிறவர்கள் இந்தச் சிவப்புச் சோதனையை விடவே கூடாது.

ஒன்றிரண்டு நானோமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நம் குண்டூரையே காட்டலாம். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம், பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் குண்டூரில் முகாமிட்டு சூரியனின் விளிம்புத் தீச்சுடர்களின் நிறமாலையைப் பார்த்தார். அந்தக் கிரகணத்தில் தெரிந்த மஞ்சள் கோட்டைப் பலர் சோடியம் என்றே எடுத்துக்கொண்டார்கள். சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6. இது இருந்ததோ 587.6-ல். அது சோடியத்தோடு பொருந்தவில்லை என்று அதே வருடம் இங்கிலாந்தில் லாக்யர் அளந்து பார்த்ததிலிருந்துதான் ஹீலியம் என்ற தனிமம் வந்தது, பூமியில் அதைப் பிரித்தெடுக்க 1895 ஆயிற்று. இரண்டு நானோமீட்டர்கூட இல்லை, அதில் ஒரு புதுத் தனிமம் ஒளிந்திருந்தது.

நம் அட்டைப்பெட்டிக்கு அந்த நுட்பம் வராது, அதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெப்கேமில் ஒரு பிக்சலுக்கு அரை நானோமீட்டர் என்று கணக்கு வரலாம், மென்பொருளும் தசமத்தோடு எண் காட்டும், அதற்காக 523.47 என்று அறிக்கையில் எழுதாதீர்கள். 435.8 கோட்டின் பாதி உயரத்தில் அதன் அகலம் எத்தனை நானோமீட்டர் என்று பாருங்கள். உங்கள் கருவியின் பிரித்தறியும் திறன் அதுதான், பிக்சல் எண்ணிக்கை அல்ல. அகலம் அதிகமாக இருந்தால் பெட்டிக்குள் ஒளி நுழைகிற பிளவைக் குறுக்குங்கள், இரண்டு சவர பிளேடுகளை நெருக்கி ஒட்டினால் போதும்.

ஒரே கேலிப்ரேஷனை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவதும், நண்பர் செய்ததை எடுத்துத் தன் படத்துக்குப் போடுவதும் நடக்கிறது. வெப்கேம் ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே எல்லாம் நகர்ந்துவிடும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் முதலில் டியூப்லைட், பிறகு சாம்பிள். போனில் எடுப்பவர்கள் ஜூமைத் தொடாதீர்கள், மேலே கீழே இருக்கிற கறுப்புப் பகுதி அசிங்கமாக இருக்கிறது என்று படத்தை வெட்டாதீர்கள், ஏனென்றால் பக்கவாட்டில் கொஞ்சம் வெட்டினாலும் பிக்சல் எண்ணிக்கை முழுக்க மாறிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி, அழுத்தி அனுப்பும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வெளிச்சம் அதிகமாகிப்போவதைக் கண்டுபிடிப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கேமராவின் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரைதான் எண்ணும், அதற்கு மேல் வந்த ஒளியெல்லாம் 255 என்றே பதிவாகும், உச்சி தட்டையாகிவிடும். மென்பொருளில் நாம் பார்க்கிற முதன்மைக் கோடு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் சராசரி. நீலப் பகுதியில் நீலம் மட்டும் 255-ல் முட்டி நின்று மற்ற இரண்டும் பூஜ்யமாக இருந்தால், சராசரி மூன்றில் ஒரு பங்குதான் காட்டும், பார்ப்பவருக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறதே என்று தோன்றும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டச் செய்து பாருங்கள், எதுவும் உச்சியைத் தொடக்கூடாது. கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரையும் வொயிட் பேலன்ஸையும் நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் சாயம் வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க கேமரா அதை ஏற்றி ஏற்றிக் காட்டும், நீங்கள் அளக்க வந்ததையே அது அழித்துவிடும்.

இனி சாயத்துக்கு வருவோம். இங்கே விளக்கு மாற வேண்டும். கேலிப்ரேஷனுக்குக் கோடு கோடாக எரிகிற விளக்கு, தண்ணீர் எதை உறிஞ்சுகிறது என்று பார்க்க எல்லா நிறமும் தொடர்ச்சியாக வருகிற விளக்கு: ஹாலஜன், அல்லது பழைய குண்டு பல்பு. ஒரே சிஎஃப்எல்லை வைத்து இரண்டையும் செய்தால், கோடுகளுக்கு நடுவில் வெளிச்சமே இல்லாத இடங்களில் சாயம் உறிஞ்சியதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளை எல்இடியிலும் 480 பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைச் சாயத்தின் பள்ளம் என்று வட்டம் போட்டு அனுப்புகிறார்கள்.

அதே பாட்டிலில், அதே இடத்தில் வைத்து, முதலில் சுத்தமான தண்ணீர், பிறகு சாம்பிள். இரண்டையும் ஏற்றிவிட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தல் செய்வது பழக்கமாகிவிட்டது, மென்பொருளில் அந்த வசதி கையருகே இருப்பதால். கழித்தால் வருகிற கோட்டில் பல்பின் வடிவமும் கேமராவின் வடிவமும் ஒட்டிக்கொண்டே இருக்கும். வகுக்க வேண்டும். தரவை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, ஒவ்வொரு அலைநீளத்திலும் சுத்தத் தண்ணீரின் மதிப்பைச் சாம்பிளின் மதிப்பால் வகுத்து, அதற்கு 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுத்தால் உறிஞ்சுதிறன் வரும், எக்செல்லில் ஒரே சூத்திரம். விளக்கை அணைத்து இருட்டிலும் ஒரு படம் எடுத்து, அந்த மதிப்பை இரண்டிலிருந்தும் முதலில் கழித்துக்கொள்வது நல்லது.

இது சரியாக வருகிறதா என்று பார்க்கச் சாயமே வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கிற பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் சிட்டிகைக்கும் குறைவாக எடுத்து, இளஞ்சிவப்பாகத் தெரிகிற அளவுக்குக் கரையுங்கள். 525-லும் 545-லும் உறிஞ்சுதல் உச்சம் வர வேண்டும், சுமாரான பெட்டியில் இரண்டும் சேர்ந்து ஒரே மேடாக வரும். அந்த இடத்தில் மேடே வரவில்லை என்றால் ஓடைத் தண்ணீரைத் தொட வேண்டாம். வந்தால், அதே கரைசலைப் பாதியாக நீர்த்துத் திரும்ப எடுங்கள், உறிஞ்சுதிறனும் பாதியாகிறதா பாருங்கள். பெரும்பாலும் ஆகாது, காரணம் கேமரா படத்தைப் பார்க்க அழகாக ஆக்குவதற்கு வெளிச்சத்தின் அளவை வளைத்துத்தான் பதிவு செய்கிறது, 200 என்பது 100-ன் இரண்டு மடங்கு ஒளி இல்லை. பாதியாகாத கருவியை வைத்துக்கொண்டு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் சாயம் என்று எழுதுவது பொய்யாகிவிடும்.

செம்மண் கலங்கல் வேறு. கலங்கல் தண்ணீர் எல்லா நிறத்தையும் சிதறடிக்கும், நீலத்தைக் கொஞ்சம் அதிகமாக, அதனால் உறிஞ்சுதிறன் கோடு நீலப் பக்கம் உயர்ந்து சிவப்பை நோக்கி மெதுவாகச் சரியும், மேடு என்று எதுவும் இருக்காது. சாயம் குறிப்பிட்ட இடத்தில் மேடு போடும். இரவெல்லாம் தெளியவிட்டு, வடிதாளில் வடித்துவிட்டு எடுத்தால் குழப்பம் பாதி தீரும். ஆனால் மேடு 520-ல் இருக்கிறது என்பதற்காக இன்ன சாயம் என்று பெயர் சொல்லாதீர்கள். ஒரே இடத்தில் மேடு போடுகிற சாயங்கள் ஏராளம், உறிஞ்சுதல் மேடு அகலமானது, அதில் யாருடைய கையெழுத்தும் இல்லை. நிறமில்லாத உப்பும் காரமும் சாயக்கழிவில் எவ்வளவு இருந்தாலும் இந்தப் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. கோடு தட்டையாக இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று சொல்லவும் முடியாது. ஒரு வளைகோட்டின் படத்தைப் பகிர்ந்து, பக்கத்திலேயே ஒரு பட்டறையின் பெயரையும் போடுவது அநியாயம், அங்கே வேலை பார்ப்பவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான்.

இந்தக் கருவியால் நேர்மையாகச் சொல்ல முடிவது இவ்வளவு: சந்தேகப்படும் இடத்துக்கு மேலே எடுத்த தண்ணீரில் இல்லாத மேடு, கீழே எடுத்த தண்ணீரில் இன்ன தேதியில், இன்ன அலைநீளத்தைச் சுற்றி இருந்தது. அதைச் சொல்லவே நிறைய உழைப்பு வேண்டும், சொன்னால் அதற்கு மதிப்பும் உண்டு. பதிவேற்றும்போது எந்த இடம், என்ன நேரம், எந்த விளக்கு, எந்தக் கேமரா, வடித்ததா வடிக்காததா என்று குறிப்பில் எழுதுங்கள். "டெஸ்ட் 3" என்று பெயர் வைத்த நிறமாலை ஆறு மாதம் கழித்து உங்களுக்கே பயன்படாது. வெட்டாத மூலப் படத்தை வைத்திருங்கள். மேலே ஒன்று கீழே ஒன்று என்று எடுத்த தண்ணீரில் தனியாக இரண்டு பாட்டில் மூடி, தேதியிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்து, தாமதிக்காமல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குக் கொடுங்கள். அந்த அறிக்கையோடு உங்கள் வளைகோட்டையும் சேர்த்து, ஆந்திரப் பக்கத்துத் தண்ணீர் என்றால் அந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெலுங்கில், இந்தப் பக்கம் என்றால் நம் வாரியத்துக்குத் தமிழில் மனு எழுதலாம்.