தேக்கு என்ற பேரை மட்டும் நம்பி மரம் வாங்காதீர்கள்

வீடு கட்டுபவர்கள் மரவாடியில் முதலில் கேட்பது, "தேக்கு கன அடி என்ன விலை?" என்பதைத்தான். வைரம் (மரத்தின் நடுவிலுள்ள கெட்டிப் பகுதி) எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. பின்னால் வரும் தொந்தரவுகளில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தேக்கைக் கரையான் தொடாது என்று எல்லோரும் சொல்வோம். அது நடுவிலுள்ள வைரத்துக்குத்தான் பொருந்தும். கரையானுக்கு ஆகாத சத்துகள் சேர்வது அங்கேதான். ஓரத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காப்பு கிடையாது. இளம் வயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் இந்த வெள்ளை அதிகமாக இருக்கும். எங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கதவின் நிலைச்சட்டத்தில் ஒரு விளிம்பு முழுக்க வெள்ளை. நிறம் ஏற்றித் தந்திருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் அந்த விளிம்பை மட்டும் கரையான் தின்றிருந்தது, வைரம் அப்படியே நின்றது. அதனால் எந்த நாட்டுத் தேக்கு என்று கேட்பதைவிட, பாலிஷ் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு கட்டையையும் நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது ஈரம். இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். அறுத்து நாளாகாத பலகை, வீட்டுக்கு வந்த பிறகுதான் காயும். காயும்போது நீளத்தில் அநேகமாகச் சுருங்காது, அகலத்தில் நன்றாகவே சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலகை வளைவதற்கும் முறுக்கிக்கொள்வதற்கும் இதுதான் காரணம். ஈரம் பார்க்கும் சிறிய மீட்டர் இப்போது எளிதாகக் கிடைக்கிறது. 12 சதவீதத்தை ஒட்டிக் காட்டினால் நிம்மதியாக வாங்கலாம். 20 காட்டும் மரத்தில் ஆசாரி எவ்வளவு கச்சிதமாகக் கதவு செய்தாலும் பயனில்லை, கோடையில் இடைவெளி விழும்.

நன்றாகக் காய்ந்த மரமும் மழையில் கொஞ்சம் உப்பும், வெயிலில் சுருங்கும். ஆகவே கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் (பலகை செருகும் பள்ளத்துக்குள்) பசை போட்டு ஒட்டச் சொல்லாதீர்கள். அசைய இடமில்லாத பலகை நடுவில் வெடித்துவிடும்.

சரி, தேக்கு வேண்டாம் என்று வேங்கைக்குப் போகிறீர்களா? உறுதியான மரம், எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. ஆனால் கனம் அதிகம். ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ என்றால், வேங்கை 800 கிலோவை ஒட்டி வரும். தேக்குக்குப் போடும் கீலையே இதற்கும் போட்டால் கதவு தொங்கிவிடும். ஈரம் பட்டால் மஞ்சள் கறை விடுவதால், வெள்ளைச் சுவரை ஒட்டி வைக்கும் முன் நன்றாகப் பூச்சு கொடுத்துவிடுங்கள்.

வேம்பில் ரேகை பின்னிக் கிடக்கும், பளபளப்பான பாலிஷை எதிர்பார்க்க வேண்டாம். பலா புதிதில் அழகான மஞ்சள், வெளிச்சம் படப்படப் பழுப்பாகும். அந்த மஞ்சளுக்குப் பொருத்தமாகச் சுவர் நிறத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ரப்பர் மரம் மருந்தேற்றிப் பதப்படுத்தியதாக இருந்தால் உள்ளறை மேசை நாற்காலிக்கு நல்லது. வாசலுக்கும் குளியலறைக்கும் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கதவைத் தூக்கி மாட்டும் முன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் பாருங்கள். கண்ணில் படாது என்று அங்கே பூச்சு அடிக்காமல் விட்டிருப்பார்கள். சட்டங்களின் வெட்டுமுனைகள் அங்கேதான் திறந்திருக்கும், தண்ணீரை வேகமாக உறிஞ்சும் இடமும் அதுதான்.