ஸ்கோப்பைப் பார்த்து மவுண்ட் வாங்காதீர்கள்: ரிம்ஃபயர் ரைஃபிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிம்ஃபயர் ரைஃபிளில் (.22 போன்ற சிறிய தோட்டா சுடும் துப்பாக்கியில்) முதன்முதலாக ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, மாட்டிய புதிதில் நடந்தது இது. ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைப்பது மவுண்ட், அதில் ஸ்கோப்பின் குழாயைச் சுற்றிப் பிடிப்பது ரிங். 50 கஜத்தில் ஜீரோ செய்து (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருகி) முடித்தேன், குண்டுகள் பட்ட இடமெல்லாம் ஒரு நாணயத்துக்குள் அடங்கியது. அந்தச் சந்தோஷத்தோடு அடுத்த தோட்டாப் பெட்டியைப் பிரித்தால் குண்டுகள் எங்கெங்கோ போகின்றன. தோட்டா சரியில்லை என்றேன், காற்று என்றேன், கடைசியில் ஸ்கோப்பே பழுது என்று முடிவுகட்டி அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் தடுத்தார்: “இரு தம்பி, பின்பக்க ரிங்குக்குப் பின்னால் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சுடு.” போட்டேன். நாற்பது தோட்டா தீர்ந்தபின் பார்த்தால் கோட்டுக்கும் ரிங்குக்கும் நடுவே நூலளவு இடைவெளி. சுடச்சுட ரைஃபிள் பின்னால் உதைக்கிறது, கனமான ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, மவுண்டும் அதோடு சேர்ந்து முன்னால் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. .22 எல்ஆர் தோட்டாவுக்கு உதைப்பே கிடையாது என்பார்கள். பெரிய தோட்டாக்களோடு ஒப்பிட்டால் சரிதான், ஆனால் பிடிப்பே இல்லாத மவுண்டை நகர்த்த அந்தக் கொஞ்சமே போதும்.

ஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை. நான் வாங்கிய மவுண்ட் 11 மி.மீ. பள்ளத்துக்கானது, ரைஃபிளின் தலையில் இருந்ததோ 3/8 அங்குலப் பள்ளம். ரிம்ஃபயர் மவுண்ட் விஷயத்தில் அதிகம் பேர் விழுகிற குழி இதுதான். ரிசீவரின், அதாவது துப்பாக்கிக் குழலுக்குப் பின்னால் உள்ள உலோக உடலின், மேற்புறத்தில் இரண்டு ஓரமும் உள்வாங்கி வெட்டப்பட்டிருக்குமே, அந்த டவ்டெயிலை எல்லாரும் பொதுவாக “பதினொன்று” என்று சொல்லிவிடுகிறார்கள். 3/8 அங்குலம் என்பது சுமார் 9.5 மி.மீ., ஆக இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர். 11 மி.மீ. மவுண்டை 3/8-ல் வைத்தால் ஸ்க்ரூவைக் கடைசிவரை முறுக்கினாலும் தாடை முழுசாகக் கவ்வாது, விளிம்பை மட்டும் கடித்துக்கொண்டு இறுகிவிட்ட மாதிரி நடிக்கும். மறுபுறம், 3/8-க்கான மவுண்ட் 11-ல் ஏறவே ஏறாது. இதுவாவது பரவாயில்லை, தப்பு உடனே தெரிந்துவிடும். போதாக்குறைக்குப் பள்ளத்தின் சாய்வும் எல்லா ரைஃபிளிலும் ஒன்றல்ல, 45 பாகையும் உண்டு, 60 பாகையும் உண்டு. அகலம் பொருந்தினாலும் சாய்வு பொருந்தாவிட்டால் தாடை ஒரு கோட்டில்தான் தொடும், பரப்பில் தொடாது. அதனால் வெர்னியர் காலிப்பரை எடுத்துப் பள்ளத்தின் மேல்விளிம்பு அகலத்தை அளந்துவிட்டு அப்புறம் மவுண்ட் தேடுங்கள். மவுண்ட் வந்ததும் ஸ்கோப் இல்லாமல் அதை மட்டும் மாட்டி, இறுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தாடைக்கும் பள்ளத்துக்கும் நடுவே கீற்றாக வெளிச்சம் வந்தால் அந்த மவுண்ட் உங்களுக்கானது இல்லை.

சில ரைஃபிள்களில் பள்ளமே கிடையாது. ரூகர் 10/22-ல் ரிசீவரின் மேல் நான்கு ஸ்க்ரூ துளைகள் இருக்கும், அதில் தனியாக ஒரு பேஸை (ரிங்குகள் உட்காரும் அடித்தட்டை) பொருத்த வேண்டும். ரூகர் 77/22-ல் ரிசீவரிலேயே ரிங்குக்கான இருக்கை வெட்டியிருப்பதால் அந்த வடிவ ரிங்தான் உட்காரும். இதனால்தான் சொல்கிறேன், கையில் இருக்கிற ஸ்கோப்பை வைத்துத் தேட ஆரம்பிக்காமல் ரைஃபிளின் தலையைப் பார்த்து ஆரம்பியுங்கள். ஸ்கோப்பிலிருந்து தெரியவேண்டிய முக்கியமான அளவு குழாயின் விட்டம், 1 அங்குலமா 30 மி.மீ.யா என்பது. 1 அங்குலம் என்றால் 25.4 மி.மீ., 30-க்கான ரிங்கில் அதைப் போட்டு நடுவில் டேப் சுற்றிச் சமாளிக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

வீவர், பிகாட்டினி என்ற இரண்டு வகை ரெயில்களும் (ரிங்கை மாட்டக் குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய பட்டைகள்) ஒன்றுதானே என்று கேட்பவர்கள் உண்டு. கிட்டத்தட்ட ஒன்று, அந்தக் “கிட்டத்தட்ட”தான் தொல்லை. பிகாட்டினி 1995-ல் அமெரிக்க ராணுவத் தரமாக வந்தது. குறுக்குப் பள்ளம் 5.23 மி.மீ. அகலம், பள்ளத்துக்குப் பள்ளம் சுமார் 10 மி.மீ. என்று அளவு கட்டுப்பட்டது. வீவரில் பள்ளம் 4.57 மி.மீ.தான், இடைவெளிக்கும் நிலையான கணக்கு இல்லை. வீவர் ரிங் பெரும்பாலும் பிகாட்டினி ரெயிலில் உட்கார்ந்துவிடும், பிகாட்டினி ரிங்கின் தடித்த குறுக்குக்கட்டை வீவர் பள்ளத்தில் இறங்காமல் அடம்பிடிக்கும். எதை எதில் மாட்டினாலும் இறுக்கும்முன் ரிங்கைக் குழல் பக்கமாக முன்னால் தள்ளி, பள்ளத்தின் சுவரில் முட்டவைத்துவிட்டு இறுக்குங்கள். எப்படியும் முன்னால்தான் நகரப் பார்க்கும், முதலிலேயே முட்டி நின்றால் அதற்குப் போக இடமில்லை.

உயரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லோ, மீடியம், ஹை என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் லோவாக இருக்கும். மில்லிமீட்டரில் கேளுங்கள், அதையும் எங்கிருந்து எங்கே அளந்தது என்று சேர்த்துக் கேளுங்கள். ஒருவர் ரெயிலின் மேல்பரப்பிலிருந்து ரிங்கின் மையம் வரை அளப்பார், இன்னொருவர் ரிங்கின் உள்ளடிப்பகுதி வரை அளப்பார். 1 அங்குல ரிங்கில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் 12.7 மி.மீ., அதாவது ஸ்கோப் குழலில் இடிக்குமா, அல்லது முகத்தைத் தூக்கிக்கொண்டு சுடவேண்டி வருமா என்கிற அளவுக்கு வித்தியாசம்.

கணக்கு சுலபம். 40 மி.மீ. ஸ்கோப் என்றால் 40 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், அதைச் சுற்றியிருக்கும் கூட்டோடு சேர்த்து அளந்தால் உதாரணத்துக்கு 47 இருக்கிறது என்று வையுங்கள். பாதி 23.5. குழலுக்கும் அதற்கும் நடுவே 2 மி.மீ. விட்டால் 25.5. ரிசீவரின் மேல்பரப்பு குழலைவிட 6 மி.மீ. உயரத்தில் இருந்தால் அதைக் கழித்து 19.5. மையம்வரை அவ்வளவு உயரமாவது வேண்டும். கண்ணாடிக்கு மூடி போடுகிற பழக்கம் இருந்தால் மூடியின் தடிமனையும் சேருங்கள், பின்பக்க இரும்புக் குறி குழலில் நிமிர்ந்து நின்றால் அதையும் பாருங்கள். இடிக்காத அளவுக்குத் தாழ்வு நல்லதுதான், ஆனால் தாழ்வு என்பதையே கொள்கையாக வைத்துக்கொண்டு கடைசியில் போல்ட் கைப்பிடி (தோட்டா ஏற்றத் தூக்கி இழுக்கும் பிடி) கண்பக்கக் கூட்டில் முட்டி, ஒவ்வொரு முறையும் விரல் தோலை உரித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சிஇசட் 455 ரைஃபிளின் போல்ட் 90 பாகை மேலே எழும், 457-ல் 60 பாகைதான், ஆக முன்னதில் இடித்த அதே ரிங் பின்னதில் தாராளமாகப் போகலாம். கன்னம் ஸ்டாக்கில் (ரைஃபிளின் பின்கட்டையில்) இயல்பாகப் படிந்திருக்கும்போது கண் தானாக ஸ்கோப்பின் நடுவுக்கு வரவேண்டும், கழுத்தை நீட்டித் தேடினால் உயரம் தப்பு.

சாய்வு ரெயில் இப்போது ஒரு மோகமாகிவிட்டது. 20 எம்ஓஏ (கோண அளவு, ஒரு எம்ஓஏ 100 கஜத்தில் சுமார் ஓர் அங்குலம்) ரெயில் என்றால் பின்பக்கம் சற்று உயர்ந்து ஸ்கோப் கொஞ்சம் குனிந்து பார்க்கும், உங்களுக்கு மேல்நோக்கித் திருக அவ்வளவு கூடுதல் இடம் கிடைக்கும். சாதாரண வேக .22 தோட்டாவை 50 கஜத்தில் ஜீரோ செய்தால் 100-ல் ஏறக்குறைய 6, 7 அங்குலம் கீழே விழும். 200 கஜத்துக்கு சுமார் 25 எம்ஓஏ மேலே திருக வேண்டும். மொத்தம் 40 எம்ஓஏ மட்டுமே திருகக்கூடிய ஸ்கோப்பில் நடுவிலிருந்து மேலே இருப்பது 20, அதிலும் ஒரு பங்கை ஜீரோவே தின்றுவிடும், ஆக அங்கே சாய்வு ரெயில் இல்லாமல் முடியாது. 50 கஜத்தில் தாளில் சுடுகிறவருக்கு அது எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வாங்கினால் உயர்ந்த பக்கம் பின்னால் வருகிறதா என்று பார்த்து மாட்டுங்கள், திருப்பி மாட்டிவிட்டு ஜீரோ வரவில்லை என்று புலம்புவதும் நடக்கிறது.

மாட்டும் வேலைக்கு முன் தோட்டா அறை காலியா என்று பார்த்து, போல்ட் ரைஃபிள் என்றால் போல்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். ரிங் மூடியின் ஸ்க்ரூக்களுக்கு வழக்கமாக 15 முதல் 18 இன்ச்-பவுண்டு முறுக்குவிசை போதும், அதாவது சுமார் 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர், தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதையே வையுங்கள். கையளவில் “இன்னும் ஒரு அரைச் சுற்று” என்று முறுக்கினால் குழாயில் பள்ளம் விழும். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி இறுக்குங்கள். 10/22-ன் ரிசீவர் அலுமினியம், அதில் பேஸ் ஸ்க்ரூவை மிதமிஞ்சி முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் எந்த மவுண்டும் நிற்காது. எல்லாம் முடிந்ததும் பின்பக்க ரிங்குக்குப் பின்னால் அந்தப் பென்சில் கோட்டைப் போட்டுவிட்டு ஒரு பெட்டி சுடுங்கள். நான் இன்றைக்கும் போடுகிறேன்.