குறைந்தபட்சக் கூலி ஏறினால் கைக்கு வருகிறதா? தருமபுரி, கிருஷ்ணகிரித் தொழிலாளருக்கான கணக்கு

தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் அகவிலைப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 அன்று மாறுகிறது. கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிகள் சூடுபிடிப்பதும் அதையொட்டித்தான். தேர்வு முடிந்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் மண்டிக்கும் மாங்கூழ் ஆலைக்கும் வேலை தேடி வருவதும் அப்போதுதான். புதிய கூலியும் புதிய ஆட்களும் ஒரே நேரத்தில் வருவதால், உயர்வு யாருக்குச் சேர்ந்தது, யாரிடம் நின்றுவிட்டது என்பது சீக்கிரம் மறைந்துபோகும். கணக்குப் போட்டால் பிடித்துவிடலாம்.

எந்தக் கூலி உங்களுக்குரியது

‘இந்த வருஷம் கூலி ஏறிவிட்டது’ என்றால் அது இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது, அடிப்படை ஊதியத்தையே அரசு திருத்தி ஆணை வெளியிடுவது; 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படியும், இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதிய சட்டப்படியும், பொதுவாக ஐந்து ஆண்டுக்குள் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். இரண்டாவது, ஆண்டுதோறும் வரும் அகவிலைப்படி. முந்தைய ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் சராசரியை எடுத்து, ஆணையில் சொன்ன அடிப்படைப் புள்ளிக்கு மேல் ஏறிய ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு ரூபாய் என்று கூட்டுவார்கள். இதற்காக முதலாளி மனது வைக்க வேண்டியதில்லை. ஏப்ரல் மாதச் சம்பளத்தில் அது தானாக வந்தாக வேண்டும்.

தொழிலாளர் துறை இணையதளத்தில் தொழில் வாரியாக இந்த விகிதங்கள் கிடைக்கும். பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். உங்கள் வேலை எந்தத் தொழிலின் கீழ் வருகிறது? அதில் நீங்கள் திறனற்றவரா, பகுதித் திறனாளியா, திறனாளியா? சில ஆணைகள் மாநகராட்சி, நகராட்சி, மற்ற ஊர்கள் என்று பகுதி பிரித்திருக்கும். உங்கள் வேலையிடம் எதில் வருகிறது? ஓசூர் 2019இல் மாநகராட்சியாகிவிட்டது. பழைய நினைப்பில் நகராட்சி விகிதத்தையே போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

கணக்கில் வருவது வேலை நடக்கும் இடம். வீடு எங்கே இருக்கிறது என்பதல்ல. ஓசூரில் தங்கி அத்திப்பள்ளிக்கோ எலக்ட்ரானிக் சிட்டிக்கோ பஸ் ஏறுகிறவருக்குக் கர்நாடக விகிதம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்குத் தமிழ்நாட்டு விகிதம். இந்த இரண்டாவது விஷயத்தில் உள்ளூர்த் தொழிலாளர்கள் அக்கறை காட்ட வேண்டும். வெளிமாநிலத்தவருக்குக் குறைத்துக் கொடுக்க விட்டால், அடுத்த மாதம் அதே குறைந்த கூலியை உங்களிடம் பேசுவார்கள்.

அந்தப் புதிய சட்டம், மத்திய அரசின் ஊதியச் சட்டத் தொகுப்பு (Code on Wages), 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டும் என்றிருந்த குறைந்தபட்ச ஊதிய உரிமை இதன்படி எல்லா வேலைக்கும் உண்டு.

கணக்குப் போடும் விதம்

கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக எடுத்தவை. உங்கள் தொழிலின் உண்மை விகிதத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மாத விகிதம் 13,000 ரூபாய் என்று வையுங்கள். மாதத்தின் வேலை நாளான 26ஆல் வகுத்தால் நாள் கூலி 500. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. 10 விழுக்காடு உயர்ந்தால் நாளுக்கு 550, மணிக்கு 68.75, மாதம் 14,300.

ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி, மணிக்கு 137.50. இடைவேளை போக நான்கு மணி நேரம் கூடுதலாகப் பார்த்தால் அது மட்டும் 550 ரூபாய். நீண்ட ஷிஃப்ட் ஒன்றுக்கு இரண்டு நாள் கூலி வர வேண்டும் என்று அர்த்தம். மாங்கூழ் சீசனில் ‘ஒன்றரைச் சம்பளம் தருகிறோம்’ என்பதைப் பெரிய சலுகை போலப் பேசுவார்கள். அதில் ஒவ்வொரு நாளும் அரை நாள் கூலி போய்விடுகிறது.

பிடித்தத்தைப் பாருங்கள். 14,300க்கு உங்கள் பங்கான பி.எஃப். 12 விழுக்காடு, 1,716 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு, முழு ரூபாயாக ஏற்றினால் 108. கைக்கு வர வேண்டியது 12,476. உயர்வுக்கு முன் இதே கணக்கில் வந்திருக்க வேண்டியது 11,342. ஆக, கையில் 1,134 ரூபாய் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் முதலில் பி.எஃப். வரியைத் தேடுங்கள். ஒப்பந்தக்காரர் தன் பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிப்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. பி.எஃப். என்று 3,432 ரூபாய் பிடித்திருந்தால் இரண்டு பங்கும் உங்கள் தலையில்தான் விழுந்திருக்கிறது. இது சட்டவிரோதம். பிடித்த பணம் கணக்கில் ஏறியதா என்பதையும் உங்கள் யு.ஏ.என். எண்ணை (பி.எஃப். உறுப்பினர் எண்) வைத்துப் பாஸ்புக்கில் பாருங்கள்.

பயணப்படி, ஓவர்டைம், போனஸ் எல்லாவற்றையும் கூட்டி ‘குறைந்தபட்சத்துக்கு மேலேயே தருகிறோம்’ என்று காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆண், பெண் வித்தியாசமும் கிடையாது. ஒரே வேலைக்கு ஒரே விகிதம்தான். ரோஜாத் தோட்டத்திலும் செங்கல் சூளையிலும் ‘பெண் கூலி’ என்று தனியாகப் பேசுவது வழக்கமாகவே இருக்கலாம். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

உயர்வு எங்கே கரைகிறது

கூலியை ஏற்றச் சொன்னால் முதலாளி வேலை நாளைக் குறைக்கலாம், வேலையின் அளவை ஏற்றலாம், அல்லது ஆளையே மாற்றலாம். ஆளை வெளியே அனுப்புவது கண்ணுக்குத் தெரியும். மற்றவை தெரியாது.

நாள் குறைவதற்கு எளிய சோதனை உண்டு. 500 ரூபாய்க்கு 26 நாள் என்றால் 13,000. 550 ரூபாய்க்கு 24 நாள் கிடைத்தால் 13,200. 23 நாள் என்றால் 12,650. ஆகவே இந்த உயர்வில் 24 நாள் கிடைக்கும் வரை பழைய வருமானத்துக்கு மோசமில்லை, இரண்டு நாள் ஓய்வும் மிச்சம். அதற்குக் கீழே போனால்தான் நஷ்டம். வேலைக்கு வரச் சொல்லிவிட்டு ‘சரக்கு வரவில்லை’ என்று பாதி நாளில் திருப்பி அனுப்பினால் அன்றைக்கு முழுக் கூலி தர வேண்டும். பொதுவாக, உழைக்க நீங்கள் மறுத்தால்தான் விலக்கு.

பீஸ் ரேட்டில், அதாவது முடித்த அளவுக்குத் தரும் கூலியில், சூழ்ச்சி அதிகம். புளியில் கொட்டை எடுக்கிறவர் ஒரு நாளில் சராசரியாக 40 கிலோ முடிப்பார் என்றால், 500 ரூபாய் கூலிக்குக் கிலோ 12.50; 550க்குக் கிலோ 13.75. இங்கே இரண்டு விதமாகத் தப்பு நடக்கும். ஒன்று, கிலோ விலையை ஏற்றாமலே விடுவது. மற்றது, விலையை ஏற்றிவிட்டு ‘சராசரி 48 கிலோ’ என்று அளவைத் தூக்கி, எட்டாதவருக்கு அரை நாள் போடுவது. சட்டம் தெளிவாக இருக்கிறது: நேரக் கூலி நிர்ணயித்த வேலையில் பீஸ் ரேட்டுக்கு ஆள் வைத்தால், அவருக்கு வருவது அந்த நேரக் கூலிக்குக் குறையக்கூடாது. 36 கிலோ முடித்தவருக்கு 495 ரூபாய்தான் வருகிறது என்றால் மீதி 55 ரூபாயைச் சேர்த்துத் தர வேண்டும். வீட்டில் மூட்டை இறக்கிவிட்டுப் போகும் வேலையில் இன்னொரு கேடு உண்டு. அம்மா பெயரில் 40 கிலோ என்று கணக்கு இருக்கும். அதில் பாதியைப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை செய்திருக்கும். இரண்டு பேர் உழைப்புக்கு ஒரு கூலி. அந்த 40 கிலோவைத்தான் பிறகு ‘ஒரு ஆளின் சராசரி’ என்று காட்டுவார்கள்.

உயர்வால் வேலையே போய்விடுமா என்ற பயம் நியாயமானது. பொருளாதார அறிஞர்கள் இதில் பல ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பதின்வயதினர் அதிகம் வேலை பார்க்கும் துரித உணவுக் கடைகளை, கூலி ஏறாத பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவோடு டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் ஒப்பிட்டார்கள். வேலை குறையவில்லை என்பது அவர்கள் கண்டது. நியூமார்க், வாஷர் ஆகிய இருவரும் சம்பளப் பதிவேடுகளை வைத்து அதை மறுத்தார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மணிக்கு 13 டாலருக்கு ஏற்றியபோது கீழ்மட்ட வேலைகளில் மணி நேரம் குறைந்தது என்று அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2017இல் சொன்னது. இவற்றிலிருந்து இங்கே எடுத்துக்கொள்ளக்கூடியது: ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது, மணி நேரத்தையும் பார்க்க வேண்டும். அடுத்து, சுற்று வட்டாரத்தில் கூலி கொடுப்பவர் ஒருவரே என்றால், முன்பணம் வாங்கியவர் வேறெங்கும் போக முடியாது என்றால், அங்கே கூலி செயற்கையாக அமுங்கிக் கிடக்கும். அந்த இடத்தில் சட்டப்படி ஏற்றினால் வேலை குறைய வாய்ப்புக் குறைவு. ஆனால் விலையை வெளிச் சந்தை நிர்ணயிக்க, மெல்லிய லாபத்தில் நடக்கும் சிறு புளி வியாபாரியிடம் அழுத்தம் நிஜமாகவே வரும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பதினெட்டு நிறையாதவர்களுக்கு

பதினான்கு வயது நிறையாத குழந்தையை வேலைக்கு வைப்பது குற்றம். சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத உதவிக்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வரை வளரிளம் பருவத்தினர். அபாயகரமான வேலைகளில் அவர்களை வைக்கக்கூடாது. கல் குவாரி, கல் அறுப்பு, பாலிஷ், செங்கல் சூளை எல்லாம் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. கிரானைட்டும் சூளையும் நிறைந்த இந்த இரண்டு மாவட்டத்தில் இதைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே கூலி எவ்வளவு என்ற கேள்விக்கே இடமில்லை. மீறினால் வேலை கொடுத்தவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அனுமதிக்கப்பட்ட வேலையிலும் வரம்பு உண்டு. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிறகு ஒரு மணி நேரமாவது ஓய்வு. ஓய்வும் காத்திருப்பும் சேர்த்து நாளுக்கு ஆறு மணி நேரம். இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கிடையாது. ஓவர்டைம் கிடையாது. வாரம் ஒருநாள் விடுமுறை. ஆகவே பதினேழு வயதுப் பையன் சீசனில் இரவு லோடு இறக்கினால் அவனுக்குச் சரியான கூலி கொடுத்தாலும் குற்றம்தான். ஆணையில் வளரிளம் பருவத்தினருக்கென்று தனி விகிதம் இல்லாவிட்டால் ‘சின்னப் பையன்’ என்று குறைக்க முடியாது; பெரியவருக்குரிய விகிதமே பொருந்தும்.

கூலி ஏறும்போது பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு எதிரெதிர் விளைவு வருகிறது. ஒரே கூலிக்கு அனுபவமுள்ள பெரியவர் கிடைக்கும்போது முதலாளி பிள்ளையை விட்டுவிடுவார். நாள் கூலி கவர்ச்சியாக ஏறினால், பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நேரத்தில் பிள்ளை படிப்பை விட்டு வேலைக்கே நிற்கப் பார்க்கும். இதில் நிச்சயமான நன்மை தாய் தகப்பனுக்கு வரும் உயர்வில்தான் இருக்கிறது. அவர்கள் கூலி முழுதாக வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் கூலிக்கு அவசியம் குறையும். ஆகவே வீட்டில் யாருடைய கணக்கை முதலில் சரிபார்ப்பது என்றால், பெரியவர்களுடையதை.

பதினெட்டு தாண்டிய புதியவர்களை ‘டிரெய்னி’ என்று எடுத்து, ஊக்கத்தொகை என்று குறைத்துக் கொடுப்பது ஓசூர்ப் பக்கம் சாதாரணம். தொழிற்பழகுநர் சட்டப்படி பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால்தான் அவர் பழகுநர். அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாமல், பாடமும் பயிற்சியும் இல்லாமல், மற்றவரோடு ஒரே லைனில் நின்று ஒரே உற்பத்தி செய்தால் அவர் தொழிலாளி. மூன்று ஆண்டு முடிவில் மொத்தமாகத் தருவோம் என்று பெண் பிள்ளைகளை மில்லுக்கு அழைத்தால் மறுத்துவிடுங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். சேர்த்து வைத்துத் தருவதற்கு வழியில்லை.

வரவில்லை என்றால்

இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்: தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எடை அல்லது எண்ணிக்கை, வாங்கிய தொகை, கொடுத்தவர் யார். எடைச் சீட்டு, கேட் பாஸ், மேஸ்திரியின் வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் படம் எடுத்து வேறொருவர் போனிலும் வையுங்கள். சம்பளச் சீட்டை எழுத்தில் கேளுங்கள். கூலி முழுதாகக் கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஆனாலும் உங்கள் நோட்டு இருந்தால் அவர் பதிவேட்டில் உள்ள பொய்யை எடுத்துக் காட்டலாம்.

மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஒப்பந்தக்காரர் பெயரோடு, வேலை நடந்த நிறுவனத்தின் பெயரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒப்பந்தக்காரர் கொடுக்காத கூலிக்கு நிறுவனமும் பொறுப்பு. ‘குறைந்த கூலிக்குச் சம்மதம்’ என்று முன்பே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது செல்லாது. மனுவில் மாதவாரியாக மூன்று பத்தி போடுங்கள்: வர வேண்டியது, வந்தது, பாக்கி. பழைய சட்டத்தில் ஆறு மாதமாக இருந்த காலவரம்பு புதிய சட்டத்தில் மூன்று ஆண்டு. பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு கேட்கலாம். நீங்கள் உறுப்பினராக உள்ள, பதிவு செய்த தொழிற்சங்கமும் உங்களுக்காக மனுச் செய்யலாம். தனியாள் பெயர் வெளியே வராமல் பலர் சேர்ந்து கொடுப்பது பாதுகாப்பு.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குழந்தைகள், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, எண் 15100. பதினெட்டு நிறையாதவர் ஆபத்தான வேலையில் இருப்பதைக் கண்டால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். மனுக் கொடுத்ததற்காக வேலையிலிருந்து நிறுத்தினால், நிறுத்திய தேதியை அதே நோட்டில் எழுதி, இரண்டு வேலை நாளுக்குள் முழுப் பாக்கியும் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.